தறியும் இல்லை, முடிச்சும் இல்லை: உல்லன் குல்லா எப்படி உருவாகிறது?

சேலத்தில் இரண்டு ஊசியும் ஓர் உல்லன் உருண்டையும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் நின்று, “என்ன, நெய்கிறீர்களா?” என்பார். அடுத்து வருபவர், “குரோஷாவா?” என்பார். மூன்றாமவர், “இதற்கு எத்தனை முடிச்சு போட வேண்டும்?” என்பார். அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்களே இப்படிக் கேட்பதுதான் எனக்கு வியப்பு. இது ஊசிப் பின்னல், அதாவது நிட்டிங். நெசவு இல்லை, கொக்கியால் போடும் குரோஷா இல்லை, இதில் முடிச்சு என்பதே இல்லை.

குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். சடையையும் பின்னுகிறோம், ஒயர் கூடையையும் பின்னுகிறோம், கயிற்றுக் கட்டிலையும் பின்னுகிறோம், ஸ்வெட்டரையும் பின்னுகிறோம். சடையில் மூன்று கால்கள் மாறி மாறி ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஒயர் கூடையில் முடிச்சு விழுகிறது. கட்டிலில் கயிறு மேலும் கீழுமாக நுழைந்து வருகிறது. ஸ்வெட்டரிலும் குல்லாவிலும் நடப்பது நான்காவது ஒரு வேலை. அது என்னவென்று பிடிபட்டுவிட்டால், குல்லா ஏன் இழுத்தால் நீள்கிறது, ஏன் குளிருக்கு இதமாக இருக்கிறது, ஒரு முனையை இழுத்தால் ஏன் மொத்தமும் அவிழ்கிறது என்பதற்கெல்லாம் தனித்தனியாக விடை தேட வேண்டியதில்லை.

அரிசி மூட்டையின் வாய்

அரிசி மூட்டை பிரித்திருப்பீர்கள். வாயைத் தைத்திருக்கும் நூலின் சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் பர்ரென்று ஒரே இழுப்பில் முழுத் தையலும் வந்துவிடும். தவறான முனையை இழுத்தால் இன்னும் இறுகிக்கொண்டு, கடைசியில் கத்தரிக்கோலைத் தேட வைக்கும். எங்கள் வீட்டில் இந்த முனையைக் கண்டுபிடிக்கும் கலை மாமியாருக்கு மட்டுமே கைவந்தது.

ஏன் அப்படி அவிழ்கிறது? அந்தத் தையலில் நூல் எங்கும் முடிச்சுப் போடப்படவில்லை. நூல் ஒரு வளையமாக வளைகிறது. அந்த வளையத்துக்குள்ளிருந்து அடுத்த வளையம் வெளியே இழுக்கப்படுகிறது. அதற்குள்ளிருந்து இன்னொன்று. ஒவ்வொரு வளையத்தையும் நழுவாமல் பிடித்திருப்பது அதற்கு அடுத்த வளையம். கடைசி வளையத்தைப் பிடிக்க ஆள் இல்லாததால் அதற்குள் மட்டும் நூலின் முனை செருகப்பட்டிருக்கிறது. அந்த முனையை உருவிவிட்டால் வரிசையாக எல்லாம் கைவிடுகின்றன.

ஒரு சணல் கயிற்றை எடுத்து விரலாலேயே செய்து பார்க்கலாம். ஒரு வளையம் போடுங்கள். அதற்குள் விரலை விட்டுக் கயிற்றைக் கொக்கி போலப் பிடித்து வெளியே இழுங்கள். புதிய வளையம் கிடைக்கும். அதற்குள் மறுபடி விரல். இருபது முறை செய்தால் ஒரு சங்கிலி தொங்கும். இந்த வளையத்துக்குப் பெயர் கண்ணி. இனிக் கட்டுரை முழுக்க இந்தச் சொல்தான்.

இப்போது இதே சங்கிலிகள் எண்பது, தொண்ணூறு, பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாகவும், எல்லாவற்றுக்கும் ஒரே நூல் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஊசிப் பின்னல். இடக்கை ஊசியில் பழைய கண்ணிகள் வரிசையாகத் தொங்கும். வலக்கை ஊசி ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து புதிய கண்ணியை இழுத்துத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். பழையது கீழே இறங்கும். ஒரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பி ஊசிகளைக் கை மாற்றினால் அடுத்த வரிசை. ஊசியின் வேலை, பிடிப்பார் இல்லாத கண்ணிகளை நழுவாமல் தாங்குவது. குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் காத்திருக்கும். இங்கே ஒரு முழு வரிசையே காத்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு அவ்வளவுதான்.

சுருக்கம்: கண்ணிக்குள் கண்ணி, முடிச்சு இல்லை, ஒரே நூல்.

வேட்டியும் பனியனும்

நெசவில் இரண்டு கூட்டம் நூல்கள் உண்டு. நீளவாக்கில் முறுக்கேற்றி இழுத்துக் கட்டியவை பாவு. நாடா என்ற ஓடக்கட்டையோடு குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் நேர்கோட்டில், செங்குத்தாகச் சந்திக்கின்றன. நேர்கோட்டை இழுத்தால் அது எங்கே நீளும்? அதனால்தான் வேட்டி நீள்வதில்லை.

பனியன் நீள்கிறது. அதுவும் பருத்திதான், வேட்டியில் இருக்கும் அதே பருத்தி. பனியனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள், குட்டிக் குட்டியாக ‘வி’ வடிவங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு ‘வி’யும் ஒரு கண்ணி. திருப்பூர் தறியூராக இல்லாமல் பனியனூராகப் பெயர் வாங்கியதன் அடிப்படை இந்த ‘வி’தான். கையால் செய்யும் இந்த வேலையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ. 1589-இல் அவர் காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். கண்ணிக்கு ஓர் ஊசி என்பது அவருடைய வழி. திருப்பூரில் வட்டமாகச் சுழலும் இயந்திரங்களிலும் ஒவ்வொரு கண்ணிக்கும் தனி ஊசி உண்டு. ஆக, “எனக்கும் பின்னலுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பவர் அநேகமாக அப்போதும் ஒரு பின்னல் துணியைத்தான் உடுத்தியிருப்பார்.

நீளாத பருத்தியில் செய்த துணி எப்படி நீள்கிறது? கடை வாசலில் இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பு நீள்வதே இல்லை. ஆனாலும் கதவு விரிகிறது, சுருங்குகிறது. பட்டைகளுக்கு நடுவே உள்ள சாய்சதுரங்கள் வடிவம் மாறுகின்றன, அவ்வளவுதான். கண்ணியும் அப்படியே. அகலவாக்கில் இழுத்தால் உயரத்தில் இருந்த நூல் அகலத்துக்கு நகர்ந்து கொடுக்கிறது. அதனால் துணி அகலும்போது உயரம் குறையும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதை எனக்கு எப்போதும் ஒரு பின்னல் துணியாகவே தெரியும். ஒரே சாலை, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் திரும்பி மலையின் மேல் ஏறுகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்த்தால் சற்று முன் வந்த வரிசை தெரியும். பின்னல் நூலும் இப்படித்தான் வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று ஒற்றை ஆளாக ஏறுகிறது. சாலை கீழே உள்ள சாலையைத் தொடுவதில்லை, நூல் தொட்டுக் கொக்கி போட்டுக்கொள்கிறது. ஒப்புமை அந்த அளவோடு நின்றுவிடுகிறது.

முகமும் முதுகும்

புதிதாக வருபவர்களை அதிகம் மிரட்டுபவை நிட், பர்ல் என்ற இரண்டு சொற்கள். ஏதோ இரண்டு வித்தைகள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும்தான் அவை. புதிய கண்ணியைப் பழையதற்குள்ளிருந்து நம் பக்கமாக இழுத்து வந்தால், நம் பக்கம் வழவழப்பான ‘வி’ தெரியும், அது நிட். நம்மிடமிருந்து அப்பால் தள்ளினால் நம் பக்கம் சிறு மேடு தெரியும், அது பர்ல். துணியை மறுபுறம் திருப்பினால் நிட் பர்லாகவும் பர்ல் நிட்டாகவும் தெரியும்.

இதிலிருந்து ஒரு விசித்திரம் கிளம்புகிறது. துணியின் ஒரு பக்கம் முழுக்க நிட்டாக இருந்தால், மறுபக்கம் முழுக்க பர்ல். வளைந்த நூல் நிமிர்ந்துவிடப் பார்க்கும் இயல்புடையது, எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகத் தள்ளும், ஓரங்கள் சுருண்டுகொள்ளும். பழைய பனியனைக் கிழித்துத் துடைக்கும் துணியாக்கியவர்களுக்கு இது தெரியும்: பட்டையாகக் கத்தரித்து இழுத்தால் குழாய் போல உருண்டுவிடும். முதன்முதலாக மஃப்ளர் பின்னியவர், “என் கை சரியில்லை, சுருண்டுபோகிறது” என்று வருந்துவதும் இதற்காகத்தான். கை மேல் தவறில்லை.

சுருளாமல் இருக்க வழி, இரண்டு பக்கத்தையும் சமமாக்குவது. எல்லா வரிசையையும் நிட்டாகவே போட்டுக்கொண்டு போனால், துணியை ஒவ்வொரு முறையும் திருப்புவதால் ஒரு வரிசை முகம், மறு வரிசை முதுகு என்று தானாகவே மாறி விழும். துணி தட்டையாகக் கிடக்கும். இதைச் சாதாப் பின்னல் என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொரு வழி, ஒரே வரிசையில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றுவது. இதற்கு ரிப் என்று பெயர். நிட் நிற்கும் இடம் முன்னே வரும், பர்ல் நிற்கும் இடம் பின்னே போகும். துணி ஆர்மோனியத் துருத்தி போல மடிந்துகொள்ளும். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். குல்லாவின் விளிம்பும் ஸ்வெட்டரின் மணிக்கட்டும் ரப்பர் இல்லாமலே பிடித்து நிற்பது ரிப்பால்தான்.

கம்பளி சூடு தருமா?

தராது. அடுப்பு சூடு தரும், வெயில் சூடு தரும், நம் உடம்பு சூடு தரும். கம்பளி அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஐஸ் கட்டியை மரத்தூளிலும் உமியிலும் மூடி வைப்பார்களே, அவை சூடு தருபவையாக இருந்தால் ஐஸ் உடனே உருகியிருக்க வேண்டும். ஐஸைக் கம்பளியில் சுற்றினாலும் வெகுநேரம் உருகாமல் இருக்கும். உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்துவதுதான் அதன் வேலை.

அந்த வேலையைச் செய்வது அசையாமல் நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும், ஆனால் அது ஓரிடத்தில் நிற்க வேண்டும். கண்ணிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும், ஆட்டு ரோமத்தின் இயற்கையான நெளிவும் காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைத்து வைக்கின்றன. ஆகவே இறுக்கிப் பின்னினால் அதிகச் சூடு என்ற நம்பிக்கை பாதிதான் சரி. அளவுக்கு மீறி இறுகினால் காற்றுக்கு இடமில்லை. மிகவும் தளர்ந்தால் காற்று நிற்காமல் ஓடிவிடும். ஏற்காட்டின் சேர்வராயன் கோயில் உச்சியில் பலமாகக் காற்று அடிக்கும்போது எவ்வளவு தடித்த உல்லன் குல்லாவும் தோற்றுப்போகும். அங்கே அதன்மேல் காற்றுப் புகாத எதையாவது கட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நாம் பேச்சில் ‘உல்லன்’ என்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அதுவும் காற்றை அடைக்கும், விலை குறைவு, துவைக்க எளிது. ஆனால் ஈரம் உறிஞ்சாது. உண்மையான ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மார்கழிப் பனியில் நடக்கப் போகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கில், மேலே போனதும் எட்டு டிகிரி வரை இறங்கிவிடும். ஏரிக்கரைக் கடைகளில் குல்லா விற்பனையாவதற்கு இந்தக் கணக்கே போதும். “உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது” என்ற கதை வேண்டாம், அது தவறு. தலை உடம்பின் மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், இழக்கும் சூடும் ஏறத்தாழ அந்த விகிதத்தில்தான். மற்றதையெல்லாம் மூடிவிட்டுத் தலையை மட்டும் திறந்து வைப்பதால் அங்கே குளிர் உறைக்கிறது.

சுருக்கம்: சூடு நம்முடையது, காவல் காற்றுடையது, குல்லா அந்தக் காற்றுக்கான கூடு.

எத்தனை கண்ணி?

இதில்தான் ஆர்வமாகத் தொடங்கியவர்கள் கவிழ்கிறார்கள். “குல்லாவுக்கு எத்தனை கண்ணி?” என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. உங்கள் நூல், உங்கள் ஊசி, உங்கள் கை மூன்றும் சேர்ந்து 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி தருகின்றன என்பதைப் பொறுத்தது அது. இதற்குக் கண்ணி அடர்த்தி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உள்ளங்கையைவிட அகலமாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஸ்கேல் வைத்து எண்ண வேண்டும். யாரும் செய்வதில்லை. நானும் முதலில் செய்யவில்லை.

ஒரு கணக்கு போடுவோம். தலைச் சுற்றளவு 56 சென்டிமீட்டர். பின்னல் நீளும் என்பதால் குல்லா தலையைவிடச் சிறியதாக, 50 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி வருகிறது என்றால், 90 கண்ணி. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்ற ரிப்புக்கு நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 88. அதே 88-ஐக் கொஞ்சம் தளர்ந்த கைக்காரர் 10 சென்டிமீட்டருக்கு 16 என்று போட்டால் குல்லா 55 சென்டிமீட்டர் ஆகிவிடும். தலைக்குச் சமமான குல்லா பிடிக்காது, கண்ணை மறைக்கும். பத்துக்கு இரண்டே இரண்டு கண்ணி வித்தியாசம் செய்கிற வேலை இது. என் முதல் குல்லாவை வீட்டில் யாருக்கும் போட முடியாமல், பூசணிக்காய்க்குப் போட்டுப் படம் எடுத்தோம்.

முதலில் எதைப் பின்னலாம்?

குல்லா வேண்டாம். முதலில் ஒரு துடைக்கும் துணி. பருத்தி நூல், 40 கண்ணி, எல்லா வரிசையும் நிட். மூலைக்கு மூலை கைக்குட்டை போல மடித்துப் பார்த்து முக்கோணம் சரியாக வந்தால் சதுரம் ஆகிவிட்டது, முடித்துவிடலாம். கோணலாக வந்தாலும் மேஜை துடைக்கும்.

நெசவு ஊரில் இருக்கிறோமே, தறி நூலிலேயே பின்னலாமா என்று கேட்கலாம். நூல் நம்பர் கூடக் கூட இழை மெலியும். 40-ஆம் நம்பர் நூல் என்றால், இந்த ஊசிக்கு ஏற்ற தடிமனுக்கு ஏறக்குறைய முப்பது இழைகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதைச் சேர்க்கும் நேரத்தில் குல்லாவே முடிந்துவிடும்.

அடுத்து, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி. இரண்டு சதுரங்களைப் பின்னி ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்துவிட வேண்டும். இதற்குப் பருத்திதான், அக்ரிலிக் கூடவே கூடாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். ஈரமான பிடிதுணியால் பாத்திரத்தைத் தொடாதீர்கள் என்பதும் மேலே சொன்ன காற்றுக் கணக்குதான்: காற்று இருந்த அறைகளில் தண்ணீர் புகுந்துவிட்டது, தண்ணீர் சூட்டை வேகமாகக் கடத்திவிடும்.

மூன்றாவதாகக் குல்லா. 88 கண்ணி ஏற்றி, 5 சென்டிமீட்டர் ரிப், பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றி இன்னும் 15 சென்டிமீட்டர். அடுத்த நிட் வரிசையில் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் 44. ஒரு பர்ல் வரிசை. மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்தால் 22. நூலைக் கை நீளத்துக்கு விட்டு நறுக்கி, தையல் ஊசியில் கோத்து, 22 கண்ணிகளுக்குள்ளும் விட்டு இழுத்தால் பாட்டியின் சுருக்குப்பை போல உச்சி மூடிக்கொள்ளும். மிச்ச நூலால் பக்கத்தைத் தைத்துவிட்டால் குல்லா. நூல் 100 கிராம் வாங்கினால் போதும்.

மனம் ஏன் அடங்குகிறது?

பின்னல் மன அழுத்தத்துக்கு மருந்து என்று சிலர் பேசுகிறார்கள். மருந்து என்பது பெரிய சொல். 2013-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 3,545 பின்னுபவர்கள் பதில் அளித்தார்கள். அடிக்கடி பின்னுபவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னார்கள். ஆனால் கேட்டது பின்னுகிறவர்களிடமே. பிடிக்காமல் ஊசியை வீசிவிட்டுப் போனவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் நடப்பது என்னவென்று சொல்ல முடியும். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் ஓர் உடல் நிலையை விவரித்தார்: ஒரு சொல்லையோ மூச்சையோ அசைவையோ திரும்பத் திரும்பச் செய்வது, மனம் அலைந்தால் சண்டை போடாமல் திரும்ப அதற்கே வருவது. இரண்டும் சேர்ந்தால் மூச்சும் நாடித் துடிப்பும் நிதானமாகின்றன. ஜபமாலை உருட்டுபவர்களுக்கும், மல்லிகைப் பூ கட்டுபவர்களுக்கும் இது புதிய செய்தி அல்ல. ஊசியில் ஒரு கண்ணி, அடுத்த கண்ணி. மனம் எங்கோ போய்விட்டால் எண்ணிக்கை தவறி ரிப் கோணலாகி, திரும்பி வரச் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதற்குக் காரணம் அந்த அரிசி மூட்டைத் தையல். தறியில் ஊடை பிசகினால் தறிக்காரர் பெருமூச்சு விடுவார்; வெட்டிய ரவிக்கைத் துணியை ஒட்ட வைக்க முடியாது. பின்னலில் தவறினால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுக்கலாம். ஒரு மணி நேர வேலை அரை நிமிடத்தில் உருண்டையாகிவிடும். நூல் வீணாவதில்லை. தப்பு செய்ய இவ்வளவு இடம் கொடுக்கும் கைவேலைகள் அதிகம் இல்லை.

முதல் வாரம் மட்டும் எந்த அமைதியும் கிடைக்காது, கோபம்தான் வரும். கண்ணி நழுவும், நழுவிய கண்ணி தனக்குக் கீழே உள்ளதைக் கைவிட, அது அதற்குக் கீழே உள்ளதைக் கைவிட, ஏணி போல ஒரு கோடு இறங்கிக்கொண்டே போகும். பதற வேண்டாம். குரோஷாக் கொக்கியை விட்டு ஏணிப்படிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து வந்தால் கண்ணி மீண்டும் ஊசிக்கு வந்துவிடும். அரை மணிக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டை உதறிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் துயரப்படுபவருக்கு ஊசியை நீட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

துவைக்கும்போது

ஆட்டு ரோமத்தை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு குல்லா சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிறகு எந்த இழுப்புக்கும் திரும்பாது. பச்சைத் தண்ணீர், மெதுவான அலசல், துண்டில் சுற்றி அமுக்கிப் பிழிதல். உலர்த்துவது படுக்கை வாட்டில், நிழலில். கொடியில் தொங்கவிடக் கூடாது, காரணம் அந்த இரும்புக் கதவுதான்: தண்ணீரின் பாரம் கண்ணிகளைக் கீழே இழுக்க, அகலம் குறைந்து உயரம் கூடிக்கொண்டே போகும். ஏற்காட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, எல்லாம் தெரிந்த நானே இரவில் குல்லாவை அலசிக் கொடியில் மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பனியும் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. என்னவென்று தெரியாமல் நாத்தனார் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காபி வடிகட்டுகிற பையை யார் அண்ணி இங்கே காயப் போட்டது?” என்று கேட்டார்.